முடிச்சிட்டும் முடிஞ்சிட்டும்

“உங்க ஆபீஸ் எங்கம்மா இருக்கு?”

போன சனிக்கிழமை ஒரு மேடம் என்னைக் கேட்டார். செம்பூர்ப் பக்கம் ஒரு காலேஜ், அங்கே ஏதோ மாநாடு. வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு துணிப்பை எங்களிடம் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி.

ஆபீஸா? கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினேன்.

சிரிப்பார் என்று பார்த்தால், மேடத்துக்குக் கண் அகலமாகிவிட்டது.

“அப்போ எல்லாரும் ஒரே இடத்துல வேலை செய்யலையா?”

“இல்ல மேடம். தாராவியில ஒருத்தி துணி வெட்டுவா. மான்குர்த்ல ஒரு அண்ணாச்சி பிரிண்ட் போடுவாரு. நான் லேபர் கேம்ப்ல என் வீட்ல இருந்தே தைக்கிறேன். இங்க செம்பூர்ல ஒரு மாமி ஆர்டர் பிடிச்சு பார்ட்டிகிட்ட பேசுவாங்க. எல்லாம் வாட்ஸப் குரூப்தான்.”

“முதலாளி?”

“அப்படி யாரும் இல்ல.”

“அம்மா, எங்க மாநாடே இதைப் பத்தித்தான்!” என்றார் மேடம்.

ஆபீஸும் இல்லாமல், முதலாளியும் இல்லாமல், ஆளுக்கொரு மூலையில் இருக்கிறவர்கள் ஒரு வேலைக்காகச் சேர்ந்து ஒரே கம்பெனி மாதிரி நடப்பது — அதற்குப் பெயர் விர்ச்சுவல் ஆர்கனைசேஷனாம். இதை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமே வாங்குகிறார்களாம். வேலை வந்தால் கூடுவீர்கள், முடிந்ததும் கலைந்துவிடுவீர்கள், அதுதான் இதில் அழகு என்றார்.

கலைவதா? எங்கள் குரூப் ஒரே ஒரு மத்தியானம் கலைந்திருந்தால் நான் கொஞ்சம் படுத்து எழுந்திருப்பேனே! ஆபீஸ் இருக்கிறவர்களுக்கு ஆபீஸ் மூடும். போனுக்கு ஏது ஷட்டர்?

பையில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் வாசகமும் இதுதானாம். இருநூறு பையிலும் எங்கள் ஊசிக்குக் கீழே அது போயிற்று. என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் சமாச்சாரம், ஒனக்கு எதுக்கு?” என்றார். எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மேடம் அதோடு விட்டிருக்கலாம். நோட்டை எடுத்துவிட்டார்.

“உங்களுக்குள்ள ஒப்பந்தம், கையெழுத்து ஏதாவது உண்டா?”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

“அப்போ நம்பிக்கை மட்டும்தான். அது உடைஞ்சா எப்படிம்மா சரி பண்றீங்க? மத்தியானம் முழுக்க இதைத்தான் பேசப் போறோம்.”

“கைப்பிடி எல்லாம் கெட்டியா இருக்கா பாத்துக்கிடுங்க மேடம்” என்று பேச்சை மாற்றினேன்.

ஏனென்றால், புதன்கிழமைதான் அந்த நம்பிக்கையை உடைத்திருந்தேன். வேறு யாருமில்லை. நான்தான். என் கட்டைவிரலால்.

துணி வெட்டுகிற மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம்; அவள் பிறந்து வளர்ந்தது தாராவியில். இந்திப் பள்ளிக்கூடம். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவளுக்காகவே குரூப்பில் எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறோம். குரூப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று முதலில் பெரிய பேச்சு. ஆளுக்கொரு சாமி பெயரைச் சொன்னோம். கடைசியில் ‘பை வேலை’ என்றே வைத்தாயிற்று. அட்மின் நான்.

மும்தாஜ் முன்பு ஒரு பட்டறையில் மாசச் சம்பளத்துக்கு நின்றவள். “நம்ம குரூப்லயே வேல இருக்கு, வந்துரு” என்று இழுத்தது நான். அவள் விட்ட இடத்தில் பட்டறைக்காரர் வேறு ஆள் போட்டுவிட்டார். இப்போது அவளுக்கு இந்தக் குரூப்பை விட்டால் வேலை கிடையாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் “கட்டிங் என்னாச்சு?” என்று கேட்டிருந்தேன். மும்தாஜ் பதில் போட்டாள். நான் வாசித்தது இப்படி:

கட்டிங் முடிஞ்சிட்டு தரேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் வந்துட்டு, சோறு வெந்துட்டு, வேலை முடிஞ்சிட்டு. அதாவது வந்துவிட்டது, வெந்துவிட்டது, முடிந்துவிட்டது. சரி, மும்தாஜ் வெட்டி முடித்துவிட்டாள், தரப்போகிறாள். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மான்குர்த் ராஜன் அண்ணாச்சிக்குச் சொல்லிவிட்டேன். அவரும் எங்க ஊர்ப் பக்கம்தான். அவரும் என்னைப் போலத்தானே வாசிப்பார்? புதன் காலையில் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, வாடகை டெம்போ பிடித்துக்கொண்டு தாராவிக்குப் போனார்.

மும்தாஜ் வீட்டில் இல்லை. கட்டருக்குப் பிளேடு வாங்கப் போயிருந்தாள். மாமியார் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அண்ணாச்சி உள்ளே பார்த்துவிட்டு ஒரு போட்டோ போட்டார். மேஜை மேல் பாதித் துணி வெட்டாமல் கிடக்கிறது. கூடவே வாய்ஸ்.

“ஏ தங்கச்சி, முடிஞ்சிட்டுன்னு சொன்னிய! இங்க பாய் விரிச்ச மாதிரில்லா துணி கெடக்கு? நான் என்ன டெம்போவுல காத்து வாங்கவா வந்தேன்?”

வெறும் வண்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் செம்பூர் கீதா மாமி போன். ஆர்டர் பிடிக்கிறவர் அவர்தான். ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். நேரம் தவறினால் அவருக்குப் பொறுக்காது.

“எஸ்தர், இப்படிப் பொய் சொல்றவளை வெச்சுண்டு பார்ட்டிக்கு நான் எப்படி வாக்குக் கொடுக்கறது? ஒண்ணு அவ இருக்கட்டும், இல்லேன்னா நான் இருக்கேன். நீதானே அட்மின்?”

மும்தாஜுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. பிளேடு வாங்கி வந்து மறுபடி வெட்ட உட்கார்ந்திருப்பாள்; கட்டர் மெஷின் ஓடும்போது போனைத் தொட்டால் விரல் போய்விடும் — இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். குழாயில் தண்ணீர் வரவில்லை. தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. போன் வேறு டிங் டிங் என்று... ஓய்ந்து போயிருந்தேன். அப்படி ஓய்ந்து போன நேரத்தில், எதையாவது ஒன்றை முடித்துவிட்டால் போதும் என்றிருக்கும். எது சரி என்று பார்க்கத் தோன்றாது.

அழுத்தினேன். மும்தாஜ் நீக்கப்பட்டாள் என்று குரூப்பில் ஒரு சின்ன வரி வந்தது. அவ்வளவுதான். கம்பெனியில் ஒருத்தரை வேலையை விட்டு எடுப்பதென்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள், கடுதாசி கொடுப்பார்கள். இங்கே ஒரு விரல்.

சாயங்காலம் ஜெப நேரம். முழங்காலில் இருக்கிறேன். வாசலில் நிழல். மும்தாஜ், தலையில் மூட்டையோடு. தாராவியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

“வெட்டியாச்சு அக்கா. இருநூறு பைக்கும் இருக்கு.”

நான் மூட்டையைப் பார்க்கிறேன். அவளைப் பார்க்கிறேன்.

“காலையில அண்ணாச்சி வந்தாருன்னு மாமியார் சொன்னாங்க. ஏன் அவ்ளோ சீக்கிரம் வந்தாரு? முடிச்சதும் குரூப்ல போடலாம்னு போனை எடுத்தேன்... போக மாட்டேங்குது அக்கா. நெட்டு இல்லையோன்னு ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்.”

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம்தான் அந்தச் சின்ன வரியைப் பார்த்திருக்கிறாள்.

“நேத்து முடிஞ்சிட்டுன்னு போட்டிய மும்தாஜ்... காலையில பாதித் துணி கெடந்துச்சு. அதான்...”

“நான் எப்ப முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்? முடிச்சிட்டு தரேன்னுதானே சொன்னேன்? முடிச்சிட்டேன். தூக்கிட்டு வந்து தந்துட்டேன். நான் சொன்னதுல எது பொய் அக்கா?”

போனை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது ‘ஞ்சி’யும் இல்லை, ‘ச்சி’யும் இல்லை. நடுவில் ஒரு ஜே! நான் அதை என் ஊர் வாயால் ‘முடிஞ்சிட்டு’ என்று வாசித்தேன். அவள் ‘முடிச்சிட்டு’ — முடித்த பிறகு தருகிறேன் — என்று எழுதியிருக்கிறாள். ஒரு ஜே. அதை நம்பி ஒரு டெம்போ, ஒரு போட்டோ, ஒரு பொய்க்காரிப் பட்டம்.

“சரி சரி, தப்பு என்மேலதான். இப்பவே சேத்துடுதேன்.”

போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

“வேணாம் அக்கா. எல்லாரும் பார்க்க நீக்கினீங்க. எல்லாரும் பார்க்க மொதல்ல சொல்லுங்க, மும்தாஜ் பொய் சொல்லலன்னு. அப்புறம் சேருங்க.”

“டீயாவது குடிச்சிட்டுப் போ.”

“நேரமாச்சு அக்கா.”

போய்விட்டாள். அவள் கேட்டதில் ஏதாவது அநியாயம் உண்டா? இல்லை. நான் திரும்ப முழங்கால் போட்டேன். கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. குரூப்பில் கேட்கத்தான் விரல் வரவில்லை. கர்த்தர், ‘அட்மினுக்கே வாசிக்கத் தெரியலையா?’ என்று கேட்க மாட்டார். கீதா மாமி கேட்பார்.

கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த வீட்டுக்காரர் சொன்னார்: “முழங்கால் போட்டது போதும் எஸ்தரு. மெசேஜப் போடு.”

போடவில்லை. வியாழக்கிழமை பிரிண்ட் போட பீஸ்களை எடுக்க வந்த ராஜன் அண்ணாச்சியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர் பிரிண்ட் போட்டு அனுப்பினார். வெள்ளிக்கிழமை எங்கள் லைனில் இன்னும் நாலு வீட்டுக்காரிகளும் நானும் உட்கார்ந்து தைத்தோம். ஒரு பீஸ்கூடக் கோணல் இல்லை. அப்படி வெட்டினவள் குரூப்பில் இல்லை. தைக்கத் தைக்க அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. வேலை இருக்கிறது, நேரமில்லை, அப்புறம் போடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை எப்போது இல்லாமல் இருந்தது?

இப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை, மேடம் நோட்டோடு நின்று கேட்டது — உடைஞ்சா எப்படிம்மா சரி பண்றீங்க?

திரும்பும்போது டெம்போவில் ராஜன் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“மேடம் என்னம்மா நோட்டுல எழுதுனாவ?”

“நம்பிக்க ஒடஞ்சா எப்படிச் சரி பண்ணுவியன்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“கைப்பிடியப் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன்.”

“நானும் அந்தப் போட்டோவ அவசரப்பட்டுப் போட்டுட்டேன்மா” என்றார் அண்ணாச்சி. செம்பூர் சிக்னலில் வண்டி நின்றது. போனை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சொல்லிவிட்டுச் சேர்த்தால், நான் சொன்னது மும்தாஜுக்குத் தெரியாது, அவள்தான் குரூப்பில் இல்லையே! சேர்த்துவிட்டுச் சொன்னால், அவள் கேட்டபடி ஆகாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதற்கு ஏதாவது வழி வைத்திருப்பார்களோ என்னவோ. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — ரெண்டு தடவை சொல்வது.

முதலில் குரூப்பில் போட்டேன்: மும்தாஜ் பொய் சொல்லவில்லை. முடித்துவிட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னாள், சொன்னபடி தந்தாள். நான்தான் தப்பாக வாசித்தேன், விசாரிக்காமல் நீக்கினேன். பிறகு அவளைச் சேர்த்தேன். சேர்த்ததும் அதையே மறுபடி, அவள் பார்க்கப் போட்டு, கடைசியில் மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையும் தட்டினேன்.

சிக்னல் விழுந்தது. வண்டி கிளம்பியது. கீதா மாமியின் பதில் வந்தது: “அப்படியா. நானும் கத்தியிருக்க வேண்டாம். திங்கட்கிழமை துணி வரது. யார் வெட்டறா?” மாமிக்கு வருத்தம் தெரிவிக்க இவ்வளவுதான் வரும். எனக்குப் போதும்.

மும்தாஜிடமிருந்து ஒன்றும் இல்லை. நீல டிக் விழுந்துவிட்டது. சயான் தாண்டினோம். ஒன்றும் இல்லை. வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு மன்னிக்க மனமில்லையென்றால் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

லேபர் கேம்ப் வாசலில் இறங்கும்போது ஒரு வாய்ஸ் வந்தது. பின்னால் கட்டர் சத்தம் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறாள்.

“எஸ்தரக்கா... கடைசியில ‘மன்னிச்சிட்டு’ன்னு போட்டிருக்கீங்க. சரி, மன்னிச்சிட்டு... அப்புறம் நான் என்ன பண்ணணும்?”

‘மன்னிச்சிடு’ என்றுதான் தட்டினேன் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால், ஓர் இங்கிலீஷ் எழுத்து மாறிப் போயிருக்கிறது! அண்ணாச்சி ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து டிரைவர் தோளில் அடித்து அடித்துச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“மன்னிச்சிட்டு, திங்கக்கிழம வந்து துணிய வாங்கிட்டுப் போ” என்றேன்.

வாய்ஸில்தான் சொன்னேன். இனிமேல் எழுத்தை நம்புவதாக இல்லை — வாரா வாரம் பத்திரிகையில் உங்களுக்கு இப்படி எழுதுகிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான்.