திறந்து காட்டாமல் கொடுத்த ஸ்லைடர் போன்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். அங்கிருந்து வந்து, ஜோகுபாளையத்தில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் ரோட்டில் நிற்க வேண்டிய அளவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை போட்டேன். பவர் சப்ளை வாங்கக் கையில் வசதி இல்லை, பழைய யூ.பி.எஸ். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து நானே செய்தேன். சர்க்யூட் படத்தில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டினாலும் பொருள் தெரியாது; கோடுகளின் நிறத்தை வைத்தே போர்டைப் புரிந்துகொண்டேன். தண்ணீரில் விழுந்த போன், பஸ் சக்கரம் ஏறிய போன், கம்பெனிக்காரன் கையை விரித்த போன் எல்லாம் என் மேஜையில் எழுந்து பேசியிருக்கின்றன. நம் டெக்னீஷியன் சங்கத்துக்கு முதல் கூட்டம் நடந்ததும் என் கடை வாசலில்தான். டீ வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

இதெல்லாம் தற்பெருமை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். சங்க மலரின் தமிழ்ப் பகுதிக்கு அனுபவம் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். என் அனுபவத்தில் எது பெரியதோ அதை எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. அந்த போனின் நல்லதும் கெட்டதும்

இப்போது எல்லார் கையிலும் இருக்கும் கண்ணாடிப் பலகை போன் வருவதற்கு முன்னால் ஒன்று வந்தது. மேலே டச் ஸ்கிரீன். பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து முழு கீபேட் வெளியே வரும். மார்க்கெட்டில் அதற்கு ஸ்லைடர் என்று பெயர். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும், அவ்வளவு கனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கிரீன் அழுத்தத்தில் வேலை செய்வது. நகத்தால் குத்தலாம், தீக்குச்சியால் குத்தலாம், ஈரக் கையாலும் குத்தலாம். இன்றைய போன் ஈர விரலைக் கண்டால் பேய் பிடித்த மாதிரி தானாகவே எதையாவது திறக்கும். கீபேடில் ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாகப் புடைத்திருக்கும். பழகிவிட்டால் பார்க்காமலே டைப் அடிக்கலாம். பேட்டரியை நகத்தால் நெம்பிக் கழற்றி வேறொன்று போடலாம்.

கெட்டது அதைவிட நீளம். அடிக்கடி ஹேங் ஆகும். தொட்டது ஓரிடம், திறப்பது வேறிடம் என்று ஸ்கிரீன் தடம் மாறும். செட்டிங்கில் போய், ஸ்கிரீனில் வரும் கூட்டல் குறிகளைக் குத்தி மறுபடி நேராக்க வேண்டும். வெயிலில் ஒன்றும் தெரியாது. ஸ்கிரீனைக் குத்துவதற்காக ஓரத்தில் செருகியிருக்கும் குச்சியை வாங்கிய வாரமே தொலைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளெக்ஸ். போனின் கீழ்ப்பாதியில் இருக்கும் போர்டையும் மேல்பாதியில் இருக்கும் ஸ்கிரீனையும் இணைக்கும் மெல்லிய நாடா அது. போனைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிரும். ஒரு நாள் உள்ளே கோடு விட்டுப்போகும். மூடியிருந்தால் படம் தெரியும், திறந்தால் வெறும் வெள்ளை.

அந்த வெள்ளை ஸ்கிரீனோடுதான் சரோஜா அக்கா என் கடைக்கு வந்தார்.

2. சரோஜா அக்காவின் குரல்

சரோஜா அக்கா எங்கள் தெருவில் மெஸ் நடத்துபவர். பொம்மனஹள்ளியில் ஒரு ஆபீஸுக்கு மதியச் சாப்பாடு அனுப்புவார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சு வராது. அதற்கு முன்னால் அவர் அடுப்படியில் திட்டினால் மெயின் ரோட்டில் ஆட்டோக்காரன் பிரேக் போடுவான். அப்படிப்பட்ட குரல்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஸ்லைடர்தான் அவருக்கு வாய். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை டைப் அடித்து முகத்துக்கு நேரே நீட்டுவார். கோபம் வந்தால் எல்லாம் கொட்டை எழுத்து. இரண்டு பெருவிரலும் கீபேடில் ஓடும், கண் மட்டும் எதிராளியை விட்டு நகராது. காய்கறிக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுவார். அவன் கண்ணில் தயக்கம் தெரிந்தவுடன் இன்னும் குறைத்துக் கேட்பார்.

இப்போது திறந்தால் வெள்ளை. மூடிய போனில் தீக்குச்சியை வைத்து ஸ்கிரீனில் தெரியும் குட்டி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். நான் காத்திருந்தேன். நீட்டினார்.

"நாகராஜ் மூணு வாட்டி மாத்திட்டான். நிக்கல. நீ பண்ணுவியா?"

நாகராஜ் எனக்கு இரண்டு கடை தள்ளி இருந்தவன். நல்ல கை. அதை நான் மறுக்கவில்லை. வாயும் அதே அளவு, கன்னடம் கலந்து ஓடும்.

"புது டச் போன் வாங்கிக்குங்களேன் அக்கா," என்றேன்.

பையிலிருந்து ஒரு புது போனை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஸ்கிரீன் முழுக்க மஞ்சள் கறை. மறுபடி தீக்குச்சி.

"வாங்கிப் பார்த்தாச்சு. கை எப்பவும் ஈரம். இது கேக்க மாட்டேங்குது. குனிஞ்சு பார்த்து அடிக்கணும். நான் நிமிர்றதுக்குள்ள காய்கறிக்காரன் அடுத்த ஆளுக்கு எடை போட்டுடறான்."

இன்னும் கொஞ்ச நேரம் குத்தினார்.

"காலையில ஆபீஸ்ல இருந்து எத்தனை பேருக்குன்னு மெசேஜ் வரும். உடனே பதில் போடணும். லேட்டானா வேற மெஸ்ஸுக்குக் குடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. சமையல்ல நாலு பொம்பளைங்க என்னை நம்பி இருக்காங்க, தாமு."

என் பேர் தாமோதரன். தாமு என்று கூப்பிடும் உரிமை சிலருக்குத்தான் உண்டு. அந்தச் செட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

3. டக் டக்

முதலில் நாகராஜ் கடைக்குப் போனேன்.

"மச்சான், சரோஜா அக்கா செட்ல இருந்து கழட்டின ஃப்ளெக்ஸெல்லாம் வெச்சிருக்கியா?"

"எதுக்கு, மாலை கட்டவா?" டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்கிக் கொடுத்தான். "சும்னே டைம் வேஸ்ட் பண்ணாத குரு. கம்பெனி பார்ட் நின்னு போச்சு. வர்றது எல்லாம் சைனா மால். கிழியத்தான் செய்யும், அஷ்டே, அவ்வளவுதான்."

"மூணும் மால் சரியில்லையா?"

"மூணும்தான். நீ மாத்தி அது ஒரு மாசம் நின்னுச்சுன்னா நான் கடையைக் காலி பண்ணிட்டு பொம்மனஹள்ளிக்குப் போயிடறேன்."

அவன் மாற்றியதில் டப்பாவில் இருந்த இரண்டையும், செட்டிலிருந்து நான் கழற்றிக் கொண்டுபோன மூன்றாவதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் விட்டிருந்தன. நாள்பட்ட தேய்மானம் என்றால் கோடு மங்கியிருக்கும், நாடா பளபளப்பு இழந்திருக்கும். இவை புத்தம் புதியவை. காகிதத்தை மடித்து நகத்தால் தேய்த்தது மாதிரி மடிப்பில் உடைந்திருந்தன. அக்காவோ போனை இரண்டு கையாலும் பிடித்துப் பதமாகத் திறப்பவர். பிறகு யார் உடைத்தது?

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு ஆள் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த அதே மாடல் ஸ்லைடரைத் திரும்ப வாங்க வந்தார். நாகராஜ் கடைசி ஸ்க்ரூவைப் போட்டான். போனைத் தூக்கிப் பிடித்தான்.

"பாருங்க சார்." டக் என்று திறந்தான், டக் என்று மூடினான். "பெண்ணெ மாதிரி, வெண்ணெய் மாதிரி போகுது பாருங்க." டக், டக், டக். வந்தவர் சிரித்தார். அவரும் வாங்கி நாலு தடவை டக் டக் என்று தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் ஆனதைத் தட்டிக் காட்டித்தான் டெலிவரி கொடுப்போம். தட்டிக் காட்டாவிட்டால் வாடிக்கையாளர் நம்ப மாட்டார். ஆனால் புது ஃப்ளெக்ஸ் அப்போதுதான் உள்ளே போயிருக்கிறது, இன்னும் தன் வளைவில் படியவில்லை. அடியில் இருக்கும் ஸ்பிரிங்கோ சுண்டி இழுக்கும். அந்த வேகத்தில் தட்டினால் வளைய வேண்டிய நாடா மடிந்துவிடும். அதன் பிறகு கிழிவதற்கு நாள் பார்க்க வேண்டியதுதான். கடையில் நல்லபடியாகத் திறக்கும், வீட்டுக்குப் போனதும் வெள்ளை.

சைக்கிள் கடையில் எனக்குத் தெரிந்த விஷயம் இது. பிரேக் கேபிள் எங்கே கூர்மையாக மடங்குகிறதோ அங்கேதான் அறும். புதிதாக மாட்டினால் வளைவைப் பெரிதாக விட்டு, மெதுவாக இழுத்துப் படிய வைப்போம். படித்தவர்களுக்கு இதற்கு ஒரு கணக்கு இருக்கும். எனக்குக் கைக்கணக்கு.

ஆகவே நாலு காரியம் செய்தேன். ஒன்று, ஃப்ளெக்ஸ் மடங்கும் இடத்தில் ஹீட் தாங்கும் மஞ்சள் டேப்பைச் சுருட்டி மெத்தை மாதிரி வைத்தேன். நாடா அதைச் சுற்றி உருண்டையாக வளையும், மடியாது. இரண்டு, போனைப் பாதி திறந்த நிலையில் வைத்து மாட்டினேன். அப்போதுதான் நாடா இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். மூன்று, முறுக்கான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு செத்த செட்டிலிருந்து தளர்ந்த ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டேன்.

நாலாவதுதான் கஷ்டம்.

4. டெலிவரி

சரோஜா அக்கா வந்தார். போனை மூடியே கொடுத்தேன்.

வாங்கவில்லை. தீக்குச்சியைத் தேடி எடுத்து, என் கையில் இருந்த போனிலேயே குத்தினார். "திறந்து காட்டு."

"காட்ட மாட்டேன் அக்கா. நீங்களே திறங்க. மெல்ல. இன்னிக்குப் பூரா மெல்லத்தான் திறக்கணும்."

ரோட்டில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகராஜ் டீ கிளாஸோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றான்.

"திறந்து காட்டாத டெலிவரியை இன்னிக்குத்தான்ப்பா பார்க்கறேன். உள்ளே ஃப்ளெக்ஸ் இருக்கா, இல்ல காத்தடைச்சு வெச்சிருக்கியா? சைக்கிள் கடை ஆளாச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். காய்கறிக்காரனைப் பார்க்கும் அதே பார்வை. ஒரு தடவை தட்டிக் காட்டினால் போதும், என் மானம் அந்த இடத்திலேயே தப்பிக்கும். ஆனால் அவருடைய வாய் இன்னொரு தடவை அடைபடும். போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நான் தட்டினா இது உங்களுக்கு நிக்காது அக்கா. இத்தனை நாளும் அதுதான் நடந்திருக்கு."

அக்கா போனை இரண்டு கையிலும் எடுத்தார். கொதி அடங்காத குக்கரைத் திறக்கிற பக்குவத்தில், மெல்ல, மெல்லத் தள்ளினார். கீபேட் வெளியே வந்தது. படம் அப்படியே நின்றது.

என் கண்ணைப் பார்த்தபடியே டைப் அடித்து நீட்டினார்.

"என்னா நடிப்புடா சாமி."

பிறகு நாகராஜ் பக்கம் திரும்பி அதே வேகத்தில் கொட்டை எழுத்தில் எதையோ அடித்துக் காட்டினார். அதை இந்த மலரில் போட முடியாது. அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மாசம் தாண்டியும் ஃப்ளெக்ஸ் நின்றது, ஆபீஸ் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அந்த நாலு பெண்களில் மூன்று பேர் இன்றைக்கும் அந்த மெஸ்ஸில்தான் இருக்கிறார்கள். நாகராஜும் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான். கொஞ்ச வருஷத்தில் கடையைக் காலி செய்துகொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனான். தோற்றுப் போகவில்லை, வளர்ந்து போனான். மொபைல் ரிப்பேர் சொல்லித்தரும் இன்ஸ்டிடியூட் நடத்துகிறான். சந்தாபுராவிலிருந்தெல்லாம் வந்து படிக்கிறார்கள்.

5. சுவரில் இருக்கும் பலகை

ஸ்லைடர் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது புத்தகம் மாதிரி மடிக்கும் போன் வந்திருக்கிறது. அதன் கீலுக்குள்ளேயும் ஃப்ளெக்ஸ்தான் ஓடுகிறது. பழைய வியாதி, புதுச் சட்டை.

போன மாதம் நாகராஜின் இன்ஸ்டிடியூட்டைப் பார்க்கப் போனேன். ஏ.சி., மைக்ராஸ்கோப், வரிசையாக மேஜைகள். சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவரில் ஒரு பெரிய பலகை. "ஃப்ளெக்ஸ் கையாளும் நாகராஜ் முறை" என்று தலைப்பு. கீழே: டேப் மெத்தை, பாதி நிலையில் மாட்டுவது, இழுப்பைத் தளர்த்துவது.

நின்று படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் முழுக்கப் படித்தேன்.

"நாலாவது எங்க மச்சான்?"

"எது?"

"மூடிக் குடுக்கறது."

"அட போ தாமு. அது டெக்னிக்கா? அது ஒரு பழக்கம்."

"முதல் மூணும் யாரோடது?"

"மார்க்கெட்ல எல்லாரும் செஞ்சதுதானே. யார் முதல்ல செஞ்சாங்கன்னு யார் கண்டா? ஏதாச்சும் சாட்சி இருக்கா உன்கிட்ட?"

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் வாத்தியார் ஒருவர் ரிப்பேர் முடிந்த மடிப்பு போனைத் தூக்கிப் பிடித்து, டக் என்று திறந்து, டக் என்று மூடி, வந்திருந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நாகராஜைப் பார்த்தேன். அவன் பலகையைப் பார்த்தான்.

முறையைக் கண்டுபிடித்தவனுக்கு நாலும் தெரியும். இரண்டு கடை தள்ளி இருந்து என் மேஜையை எட்டிப் பார்த்து எடுத்தவனுக்கு மூன்றுதான் தெரியும். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

இந்தத் தொழிலில் நான் கற்ற பாடத்தை நேராகவே எழுதிவிடுகிறேன். சரிசெய்த பொருளை வைத்து வித்தை காட்டக் கூடாது. வேலை முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நாலு பேர் சிரிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லித்தராது. அதை நான் செய்தேன்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை. அந்தப் பலகையில் நாலாவது வரி ஏற வேண்டும். தலைப்பில் பெயர் மாற வேண்டும். நாகராஜின் பெயரைக் கீழே போட்டுக்கொள்ளட்டும், பலகை செய்த கூலி அவனுடையதுதான். சாட்சி வேண்டும் என்கிறவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஜோகுபாளையம் மெஸ்ஸுக்கு வாருங்கள். மெசேஜுக்கு இப்போது அக்காவிடம் வேறு போன் இருக்கிறது. ஆனால் ஆளோடு பேசுவதென்றால் இன்றும் இடுப்பிலிருந்து வருவது அந்த ஸ்லைடர்தான். அந்த முறையைச் செய்தது யார் என்று கேளுங்கள். போனை இரண்டு கையாலும் எடுத்து மெல்லத் திறப்பார். உங்கள் கண்ணைப் பார்த்தபடியே டைப் அடிப்பார். கொட்டை எழுத்தில் வரும் என்று நினைக்கிறேன்.

படித்துவிட்டுப் போய், அதே அளவு எழுத்தில் பலகையில் என் பெயரை எழுதுங்கள்: தாமோதரன், சைக்கிள் கடை ஆள், ஜோகுபாளையம்.