தமிழ் மட்டும் பேசும் காப்பகம்

பெற்ற மகளுக்கே தமிழ் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லாத நான், ஊரார் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வங்காளத்தில், டாக்குரியா வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருந்தவனுக்கு அவ்வளவு திமிர். கூடத்தில் பாய் விரித்து, 'தமிழ் மட்டும் பேசும் குழந்தைக் காப்பகம்' என்று வாசலில் பலகை மாட்டினேன். அதைப் படிக்கத் தெருவில் என்னைத் தவிர ஆளில்லை.

வந்த நான்கும் தமிழ்க் குழந்தைகள்தான். வாயைத் திறந்தால் வங்காளம். வீட்டில் தாங்கள் பேசாத தமிழை நான் தயிர்சாதத்தோடு ஊட்டிவிடுவேன் என்று நம்பிய மேதாவிகள் அவர்களைப் பெற்றவர்கள். அதில் ஒரு பையனின் அம்மா கறாராகச் சொன்னாள்: "பூஜை லீவுக்கு மெட்ராஸ்லேர்ந்து மாமனார் வரார், மாமா. அதுக்குள்ள இவன் நாலு வார்த்தை தமிழ் பேசணும். இல்லேன்னா வேற இடம் பாத்துப்பேன்."

"பேசாம எங்கே போவான்?" என்றேன்.

அவள் மகனோ தமிழில் ஊட்டினால் துப்பினான். சோறு இறங்க வேண்டுமே என்று இரண்டாம் நாளே வங்காளத்துக்கு மாறினேன். வங்கிக் கவுண்டரில் இங்கிலீஷிலேயே காலந்தள்ளிய எனக்கு அது சரியாக வராது, அவனே திருத்துவான்.

பூஜைக்கு முன்பு அவள் சோதிக்க வந்தாள். "எங்கே, தாத்தாகிட்ட எப்படிப் பேசுவே?" பையன் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். தைரியம் சொல்லக் குனிந்தேன். "போலோ ஷோனா, போய் கீஷேர்?" என்று வங்காளம்தான் வந்தது. சொல்லுடா கண்ணா, என்ன பயம் என்பதை இவ்வளவு குழைவாக நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் மகனுக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்:

"போறது மாமா, நீங்களாவது ஒரு பாஷை கத்துண்டேளே!"