ராசாவுக்குப் பகலில் யார் துணை?

தைப்பொங்கல் முடிந்த வாரம், ஒரு மாலை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். கூட்டைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளை இறகு. யாரோ தலையணையைக் கிழித்து உதறியது போல.

பூனை புகுந்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். ராசா உயிரோடுதான் இருந்தான். ஆனால் நெஞ்சுப் பக்கம் உரித்த கோழி மாதிரி... பிடுங்கியது வேறு யாரும் இல்லை. அவனேதான்.

ராசா ஒரு கொக்கட்டூ. கிளி இனம்தான் — ஆனால் கோழி அளவு இருப்பான். உடம்பு முழுக்க வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை. கொழும்பில் இருந்த என் மச்சாள் கனடாவுக்குப் போகும்போது என்னிடம் தந்துவிட்டுப் போனாள். "உனக்கும் ஒரு துணை" என்றாள். மகள் பேராதனையில் படிக்கிறாள். இணுவில் வீட்டில் நான் மட்டும். எனக்குத் துணை, சரி. அவனுக்கு? நான் காலையில் பஸ் பிடித்து சாவகச்சேரியில் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். இதை மச்சாளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மிருக வைத்தியர் இளம் பெண். ராசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலிலை நோய் வருத்தம் ஒண்டும் இல்லை அக்கா. பகலிலை ஆர் இவரோடை கதைக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. நான் வேலைக்குப் போயிடுவன்."

"அதுதான் வருத்தம். உதுகள் கூட்டமா வாழுற பறவையள். தனிய விட்டால் தங்கடை இறகைத் தாங்களே பிடுங்கும்."

"மருந்து?"

"மருந்து என்னட்டை இல்லை. ஆள்தான் வேணும்."

ஆளுக்கு எங்கே போவது? வேலையை விட முடியாது. யாருக்காவது கொடுத்துவிடலாம்தான்... ஏற்கெனவே கை மாறி வந்தவனை இன்னொரு கைக்குத் தள்ளுவதா? மனம் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன் — ரேடியோ. காலையில் அதைப் போட்டுவிட்டுப் போவேன். பாட்டு, செய்தி, விளம்பரம்... மனிதக் குரல் கேட்டால் போதாதா?

எங்கள் ஊர் ரேடியோவில் அடிக்கடி என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தல்.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு வசந்தி அக்கா வாசல் படலையில் வந்து நின்றார். பள்ளிக்கூட ஆசிரியை. அதுவரை "போட்டு வாறன்" என்பதற்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். உம்மடை கிளி பகல் முழுக்க 'காலமானார், காலமானார்' எண்டு கத்துதாம். இவர் நெஞ்சிலை ஒப்பரேஷன் முடிஞ்சு வந்து படுத்திருக்கிறார்."

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

'இவர்' என்றது அவருடைய கணவர் சிவம் அண்ணையை. தம்புள்ளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மரக்கறி லொறி ஓட்டியவர். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பாடு அரைகுறை. நடக்கச் சொன்னால் நடப்பதில்லை. அக்கா பள்ளிக்கூடம் போனால் வீட்டில் அவர் மட்டும்.

மன்னிப்புக் கேட்கவாவது போக வேண்டாமா? போனேன். அறை வாசலில் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவனை வேறை ஆருக்கும் குடுத்துவிடுறன்."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"என்னத்துக்குக் குடுக்கிறீர்?"

"உங்களுக்குக் கரைச்சல்தானே..."

"முதல் நாள் திடுக்கிட்டுத்தான் போனன். பிறகு அவன் ஒவ்வொருக்காச் சொல்லேக்கையும், 'இல்லையடா, இன்னும் இருக்கிறன்' எண்டு நானும் சொல்லத் தொடங்கினன். நேற்று முழுக்க ரெண்டு பேருக்கும் அதுதான் வேலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வலிக்கும் என்று நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. எனக்குப் பின்னால் நின்ற வசந்தி அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

"பகலிலை அவனை இஞ்சை கொண்டந்து விடும். நானும் சும்மாதானே கிடக்கிறன்."

அக்காவுக்குத் தயக்கம். "உவரைப் பாக்கவே ஒரு ஆள் வேணும். உவர் கிளியைப் பாக்கப் போறாராம்" என்றார். கிளினிக் டொக்டரிடம் கேட்டு, 'கையை மட்டும் நல்லாக் கழுவட்டும்' என்று அவர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

தொடக்கம் ஒன்றும் சுமுகமாக இல்லை. ராசா அண்ணையின் விரலைக் கடித்தான். டிவி ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அண்ணை படுத்தால் கத்துவான். எழுந்து நடந்தால் தோளில் ஏறிக்கொண்டு சாதுவாக இருப்பான். டொக்டரும் மனைவியும் கெஞ்சியும் நடக்காத மனிதர், இவன் கத்தல் தாங்காமல் விறாந்தையில் நடக்கத் தொடங்கினார். பிறகு முற்றத்தில். பிறகு வெளியே ஒழுங்கையில் இறங்கித் தெரு முனைவரை — பறந்துவிடாதபடி இவனைச் சின்னக் கூட்டில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு.

போன வெள்ளிக்கிழமை மாலை ராசாவைக் கூட்டிவரப் போனேன். அண்ணை வாசலிலேயே காத்திருந்தார்.

"தங்கச்சி, கெதியா வாரும். ஒரு சாமான் காட்டுறன்."

ராசாவின் நெஞ்சை விரலால் மெல்ல விலக்கிப் பிடித்தார். வெறும் தோலாய்க் கிடந்த இடத்தில் ஊசி முனை மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் குருத்துகள். புது இறகு.

"முளைக்குது பாத்தீரோ?"

"ஓம் அண்ணை."

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். குடித்துவிட்டு, ராசாவைக் கூப்பிட்டேன். அவன் அண்ணையின் தோளை விட்டு இறங்குவதாக இல்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது... பரவாயில்லை.

எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் இருந்தும், அந்த வீட்டுக்குள் போக எனக்கு ஒரு முறைப்பாடு தேவைப்பட்டிருக்கிறது. பகலில் உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்தச் சனிக்கிழமை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

கிளி இல்லாமலும் போய்வரலாம்.