நான் பார்க்காத நாடி

மகன் கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது தன் அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தான். எனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கும்மா, நீங்கதான் கையைப் பிடிச்சே எல்லாம் சொல்லிருவீங்களே" என்றான். அதில் எனக்குப் பெருமைதான்.

முப்பத்திநான்கு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்று வைத்திருந்தேன். அதன் விநாடி முள்ளைப் பார்த்துத்தான் அத்தனை நோயாளிகளுக்கும் நாடி எண்ணினேன். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பேறித்தனம் என்னிடம் கிடையாது. அப்படிச் செய்த சின்ன நர்ஸுகளை வார்டிலேயே நிறுத்தி ஏசியிருக்கிறேன். எத்தனை முறை துடிக்கிறது என்பது பாதிதான். தாளம் தப்பாமல் துடிக்கிறதா என்று தெரிய, விரல் ஒரு நிமிடம் முழுதாக அங்கே இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே நோயாளி என் வீட்டுக்காரர். பஸ் டிரைவராக இருந்தவர், பிரஷர் உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் அவர் கையைப் பிடித்து எண்ணுவேன். நடுவில் பேசினால் முறைப்பேன்.

புது வாட்ச் வந்த மறுவாரம், நான் பிடிக்கப் போன கையை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இனி நீ கஷ்டப்படண்டாம் கேட்டியா. இது இருந்த இருப்புல சொல்லுது. எழுபத்திரெண்டு!"

மகன் சிரித்தான். இருவரும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "அப்போ அதே உங்களைப் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். என் வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு அதற்குச் சாவி கொடுக்கவில்லை.

மகன் திரும்பிப் போனான். இரண்டு மாதம் நான் அவர் நாடியைப் பார்க்கவில்லை. சோறு போட்டேன், மாத்திரை எடுத்து வைத்தேன், ஊர்க்கதை பேசினேன். கையை மட்டும் தொடவில்லை. அவராக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். மன்னிப்பைப் பற்றிச் சர்ச்சில் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, அதே வீம்போடு மீன்குழம்பு வைத்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, புட்டைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நான் ஓடிப்போய் முதலில் பிடித்தது மணிக்கட்டைத்தான். நாடி தாறுமாறாக ஓடியது. எண்ண வேண்டிய தேவையே இல்லை, விரல் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காரில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்ததில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். உயிர் பிழைத்துவிட்டார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

மகன் அவசர லீவில் வந்தான். அப்பாவின் போனைத் திறந்து பார்த்தவன் அதை என்னிடம் நீட்டினான். முந்தைய பத்து நாட்களில் மூன்று முறை அந்த வாட்ச் எச்சரித்திருக்கிறது. துடிப்பு சீராக இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று.

"அப்பா பாத்திருக்காங்கம்மா. பாத்துட்டு சும்மா இருந்திருக்காங்க."

வாட்ச் மேல் பழி போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள நினைத்தவள் நான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. என் விரல் சொல்லியிருக்கக்கூடியதை அது ஒளிக்காமல் சொல்லியிருந்தது. இப்போது சொந்தக்காரர்கள் யாராவது போனில் அந்த வாட்ச்சைப் பற்றிக் கேட்டால், வீட்டில் பெரியவர்களுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அது சொல்லியும் கேட்காதவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக ஒரு ஆளும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து அவருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு நாள் சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"மூணு தடவ சொல்லியிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

அவர் வெகுநேரம் வார்த்தையைத் தேடினார்.

"நீ... பிணங்கி இருந்த." மூச்சு வாங்கிக்கொண்டார். "மேசையில கையை நீட்டி வச்சேன். மூணு நாளும். நீ பிடிப்பன்னு நெனச்சேன்."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, மறுபடியும் உட்கார்ந்து இடது கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். புது வாட்ச்சைக் காட்டிப் பெருமையடிக்கிறார் என்று நினைத்தேன். மேசையைத் துடைக்கணும், கையை எடுங்க என்றேன்.