கும்பகோணம் போய் வந்தோம்: நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

2008 கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் செல்வியோடு கும்பகோணம் போனேன். கோயில் பார்க்க இல்லை. அவள் நாலு மாதக் கர்ப்பம். தைராய்டு குறைவு என்று ஆரம்பத்திலேயே மாத்திரை கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு வெறும் வயித்துல மருந்தா? மாத்திரைய மீனுக்குப் போடு தாயி" என்று கிண்டலடித்து நிறுத்த வைத்தது நான்தான். மூன்று வாரம் போடவில்லை. ரத்தத்தில் அளவு கெட்டுப்போய், காரைக்கால் டாக்டரம்மா கும்பகோணத்துப் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

எங்கள் மீனவக் கிராமம் பட்டினச்சேரியிலிருந்து காலை 5.40க்கு ஆட்டோ. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு அறுபது ரூபாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உள்ள மூணு பேரு இருக்கோம். மூணாவது ஆளுக்குக் காசு கேக்காம மெதுவாப் போ."

"நீங்க பேசாம வந்தா வண்டி கனம் கொறையும் பெருசு" என்றார் ஆட்டோக்காரர். செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6.25க்கு பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பத்தொன்பது ரூபாய், இரண்டு மணி நேரம். கடைசி சீட்டுதான் கிடைத்தது. பேரளம் தாண்டி மழையில் ரோடே இல்லை. அப்புறம்தான் மகள் மாசமாக இருக்கிறாள் என்று கண்டக்டரிடம் சொன்னேன். முன்னால் இருந்த ஒரு அம்மா உடனே எழுந்து இடம் கொடுத்தார். ஊர்ப்பட்ட வாய் பேசுகிற எனக்கு அதைக் கேட்க ஒரு மணி நேரம் ஆனது.

ஸ்கேன் முடித்து டாக்டர் உட்கார வைத்தார்.

"புள்ளையோட மூளை செல்லுங்க ஒரு எடத்துல பொறந்து இன்னொரு எடத்துக்கு நகர்ந்து போவுது பெரியவரே. எங்க நிக்கணும், எந்தப் பக்கம் கை நீட்டணும்னு சில ரசாயனம்தான் சேதி சொல்லும். தைராய்டும் அதுல ஒண்ணு. அஞ்சாம் மாசம் வரைக்கும் அது பெரும்பாலும் அம்மா ரத்தத்துலேருந்துதான் போவணும்."

"முகத்துவாரத்துல படகு மணல்ல தட்டாம உள்ள வர, கரையில நின்னு ஒருத்தன் துண்டு ஆட்டிக் காட்டுவான். அது மாதிரிங்களா?"

"அதேதான். அந்த ஆளு மூணு வாரம் வரலன்னா? மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

"மறந்துட்டேன் சார்" என்றாள் செல்வி, என்னைப் பார்க்காமல்.

"மறக்கலிங்க. நான்தான் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தலை, முதுகெலும்பு நல்லா இருக்கு. ஆனா ஸ்கேன்ல உருவந்தான் தெரியும். செல்லுங்க சரியான எடத்துக்குப் போச்சான்னு தெரியாது. இனிமே ஒரு நாள் விடக்கூடாது. நாலு வாரத்துல ரத்தம் பாப்போம்."

"ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஆவாதுன்னுதான் நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது."

திரும்பும் பஸ்ஸில் செல்வி என் தொடையில் இடித்தாள். "ஏம்ப்பா உம்முன்னு வர்ற? நீ பேசாம இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

நாச்சியார்கோயில் வரை யோசித்தும் ஒரு கேலியும் அகப்படவில்லை.

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போய் டோக்கன் வாங்குங்கள். ஸ்கேனும் டாக்டரும் சேர்த்து 650 ரூபாய். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஏறியதுமே முன்சீட்டுக் கேளுங்கள். வீட்டில் என்னைப் போல வைத்தியம் பேசுகிற ஆள் இருந்தால், அவரையும் அழைத்துப்போய் டாக்டர் எதிரில் உட்கார வையுங்கள்.

இதை எழுதும்போது எங்களுக்கு ரத்தம் பார்க்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.