அம்பத்தூர் வழியாக அடுத்த தெரு

மாங்காட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பிஸ்கட் பேக்கரி இருக்கிறது. அங்கே ஓடும் பேக்கிங் மிஷின், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி விற்றது. அது நின்றுபோனால் சரிசெய்ய வேண்டியவள் நான். சர்வீசுக்கு என் சொந்த ஸ்கூட்டரில்தான் போவேன். ஓட்டிய தூரத்துக்குக் கம்பெனி பெட்ரோல் காசு தந்துவிடும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, புதிதாக ஒரு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வரும்வரை. வருமான வரிச் சட்டத்தின் மேல் அப்படியொரு பக்தி அவருக்கு. வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், வீட்டுலேர்ந்து கிளம்பினா அது உங்க சொந்தப் பயணம். அதுக்குக் காசு கொடுத்தா சம்பளக் கணக்கு, வரி உண்டு. ஆபீஸ்லேர்ந்து கிளம்பினா கம்பெனி வேலை, வரி கிடையாது. அதனால இனிமே இங்க வந்து விரல் வெச்சுட்டுத்தான் எங்கயும் போகணும்."

"சார், அந்த பேக்கரி எங்க வீட்டுக்கு அடுத்த தெரு."

"இருக்கட்டுமே."

"அது ஒண்ணுக்கு மட்டும் எனக்குக் காசே வேண்டாம் சார்."

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம்னு சொன்னாத்தான் இன்னும் சந்தேகம் வரும்."

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பேக்கரி முதலாளி பாய் எங்கள் கேட்டைத் தட்டினார்.

"மிஷினு நின்னுபோச்சும்மா. கொஞ்சம் வந்து பாரேன்."

"வரேன் பாய். முதல்ல அம்பத்தூர் போயிட்டு வந்துடறேன்."

"அம்பத்தூரா? அங்க இன்னா கீது?"

"விரல் வைக்கணும்."

பாய் என் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வானகரம் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர். லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தால், ஈர விரலை அங்கிருந்த வருகைப்பதிவு மிஷின் ஏற்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தேன். கடைசியில் மனமிரங்கியது. அந்த நொடியிலிருந்து நான் கம்பெனி வேலையில் இருந்தேன். வந்த வழியே திரும்பினேன்.

வாசலில் நின்றிருந்த மாமியார், நான் எங்கள் வீட்டைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?"

"இல்லத்தே, வேலைக்குப் போயிட்டிருக்கேன்."

பேக்கரியில் ஆட்கள் மெழுகுவர்த்தி கொளுத்தி, அந்தச் சூட்டில் பிஸ்கட் பாக்கெட்டுகளின் வாயைக் கையால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷினைத் திறந்தேன். சென்சார் மேல் மாவு படிந்திருந்தது. துணியால் துடைத்தேன், ஓடியது. பாய் சொன்ன டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்னைத் திட்டவில்லை. எங்கள் எம்.டி.க்குப் போன் போட்டுத் திட்டினார்.

மறுநாள் எம்.டி. மேனேஜரையும் என்னையும் அழைத்தார். மேனேஜர் சட்டத்தை முதலிலிருந்து விளக்கினார். பாதியிலேயே எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். "நேரா வீட்டுலேர்ந்தே போகட்டும். பெட்ரோலுக்கு மாசம் ஒரு தொகையைச் சம்பளத்தோட சேர்த்துடுங்க. வரியைப் பிடிச்சுக்குங்க. ஆளை விடுங்க."

மேனேஜருக்கும் பரம திருப்தி. வரி என்று வந்துவிட்டால் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

சம்பள ஸ்லிப்பைப் பார்த்த என் கணவர் உற்சாகமானார். "சம்பளம் ஏறியிருக்கே! சொல்லவே இல்ல?"

"ஏறல. பெட்ரோல் காசையும் சம்பளம்னு எழுதியிருக்காங்க. வரி போக, கைக்கு வர்றது முன்னைவிடக் கம்மி."

ஏன் என்று கேட்டார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுந்துபோய் டிவியைப் போட்டார்.

அடுத்த முறை மிஷின் நின்றபோது, பையை மாட்டிக்கொண்டு நடந்தே போனேன். பாய் தெருவை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கம்மா?"

"வீட்ல இருக்கு பாய். அடுத்த தெருதானே."

"அப்போ பெட்ரோல் காசு?"

"அது வந்துடும். வரியும் பிடிச்சுடுவாங்க."

"நடந்து வர்றதுக்கா?" என்று கேட்டுவிட்டு, பாய் டீக்கடைக்கு ஆள் அனுப்பினார்.