அக்காவின் முதல் பாட்டும் ஐந்து முள் ஒயரும்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைத் தட்டிப் பார்த்து, "இதுல பேஸே வராதே" என்று சொன்ன மனிதர் அவர். அதையும் எங்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சொன்னார். அக்கா அவரிடம் என்ன கண்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. கீபோர்டு நன்றாக வாசிப்பார், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் தாம்பரத்தைச் சுற்றி நாங்கள் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினோம். நாங்கள் என்றால் அவர் நடத்தினார், மற்றவர்கள் உடன் இருந்தோம். கீபோர்டு அவர், முதன்மைப் பாடகி அக்கா, ஓர் ஆண் பாடகர், தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிக்க ஒருவர், விளக்குக்கு நான். இரும்புலியூரில் அவர்கள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில்தான் ஒத்திகை. மின்சார ரயில் போகும்போதெல்லாம் பாட்டை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

என் சொத்து பத்து விளக்குகள், ஒரு டிம்மர் பெட்டி, ஒரு லைட் போர்டு. போர்டை மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து பழையதாக வாங்கியிருந்தேன். வரிசையாக நிற்கும் குமிழ்களை மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். வேலை அவ்வளவுதான் என்று நினைப்பவர்களிடம் நான் பேசுவதில்லை. அக்கா எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள் என்பது அவள் தோளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவள் மூச்சு எடுக்கும்போது மஞ்சள் விளக்கைக் கொஞ்சம் தணித்து, குரல் வரும்போது ஏற்றுவேன். பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் பாட்டு அவர்களுக்குப் பிடித்துப்போகும்.

ஒரு நாள் மாமா என் போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். என்னைக் கேட்காமலே திருப்பினார்.

"இன்னா மச்சான், பின்னால மிடி ஓட்டை கீது. சொல்லவேயில்ல?"

"அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது மாமா."

தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. மிடி ஒயரில் சத்தம் போகாது. எந்தக் கட்டையை அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்கிற சேதி மட்டும்தான் போகும். மறுமுனையில் இன்னொரு கீபோர்டு இருந்தால் அது சேதியைக் கேட்டு ஒலிக்கும். லைட் போர்டு இருந்தால் விளக்கைப் போடும். அதாவது கீபோர்டுக்காரர் விரலை வைத்தால் என் விளக்கு எரியும். பிறகு நான் எதற்கு?

அடுத்த வாரமே ரிச்சி தெருவில் ஐந்து முள் பிளக்குகள் இரண்டு வாங்கி, ஒயரை அவரே பற்றவைத்துக் கொண்டுவந்தார். தாளமும் பின்னணி இசையும் ஏற்கெனவே கீபோர்டின் நினைவில் ஏற்றிவைத்திருந்தார். அதிலேயே விளக்குக்கென்று தனியாக ஒரு டிராக், ஒரு தடம் சேர்த்தார். கீபோர்டின் இடது ஓரத்து அடிக்கட்டைகளில் முதலாவது முழு இருட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் போட. இரண்டாவது குத்துப் பாட்டுக்கு வெட்டி வெட்டி மின்னுவது. மூன்றாவது அக்காவின் மேல் விழும் மஞ்சள். நான்காவது நீலம். இப்படியே பன்னிரண்டு வரை. பாட்டு ஓட ஓட விளக்குகள் தாமாக மாறின. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே நீ நிம்மதியா டீ சாப்டுகினு உக்காரலாம்" என்று முதுகில் தட்டினார். தாளத்துக்குச் சரியாகத்தான் விளக்கு மாறியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்கா மூச்சு எடுத்ததை அது கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து போர்டோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எழுத்தெண்ணிப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பதற்கு ஒரே நோக்கம்தான். இந்த ஏற்பாடு எங்கே சறுக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது நாள் கண்டுபிடித்தும்விட்டேன். பாடுகிறவர் கேட்டால் மாமா சுருதியைக் குறைப்பார். அதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் தாளத்தைத் தவிர எல்லாத் தடங்களும் இறங்கும், விளக்குத் தடம் உட்பட. சுருதியில் ஒரு கட்டை என்பது கீபோர்டில் கறுப்பும் சேர்த்து இரண்டு கட்டை, அதனால் ஒரு கட்டை இறக்கினால் எல்லாம் இரண்டு இடம் தள்ளிவிடும். மூன்றாவது கேட்ட இடத்தில் முதலாவது வரும், மஞ்சளுக்குப் பதில் இருட்டு.

அதற்கான மருந்தும் கையேட்டில் இருந்தது. எந்தக் கட்டையிலிருந்து விளக்குகள் தொடங்க வேண்டும் என்று போர்டிலேயே ஓர் எண் வைக்கலாம். சுருதி இறங்கினால் அந்த எண்ணையும் இரண்டு குறைத்துவிட்டால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாட்டுக்கு முன்னால் அரை நிமிட வேலை. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம்தான் அக்காவுக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் பாடவில்லை. குரல் திரும்பி வந்தது, ஆனால் மேலே ஏற மறுத்தது. அந்த ஆறு மாதமும் அவள் பாட்டுகளைப் பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் பாடினாள். நல்ல குரல்தான், அதனாலேயே எனக்கு அவளையும் பிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் நிகழ்ச்சியைச் சாமி பாட்டோடுதான் தொடங்குவார்கள். அந்த முதல் பாட்டை யார் பாடுகிறாரோ அவர்தான் குழுவின் பாடகி. யாரும் எழுதிவைத்த விதி இல்லை, ஆனால் பந்தல்காரர் முதல் மைக் செட்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதமாக அது அந்தப் பெண்ணுடையதாக இருந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு நகரின் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் அக்கா அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தாள்.

முந்தின நாள் ஒத்திகையில் மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் கீறியது. ரயில் போனதுபோல எல்லோரும் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"ஒரு கட்டை இறக்கிக்கலாமாங்க?" என்று கேட்டாள். அதுவரை அவள் யாரிடமும் சுருதி குறைக்கச் சொன்னதில்லை.

மாமா தலையைச் சொறிந்தார். "லைட்டு பூரா நோட்டுல கட்டிக்கீது. இறக்கினா எல்லாம் மாறிப் பூடும். விழாக்காரன்கிட்ட கம்ப்யூட்டர் லைட்டுன்னு வேற சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், போர்டுல எதுனா வழி கீதா?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. குத்திக்காட்டுகிறார் என்றுதான் தோன்றியது. மேடையில் நாலு பேர் முன்னால் இந்த ஒயர் மண்ணைக் கவ்வ வேண்டும், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிற நினைப்புதான் பல நாளாக எனக்குச் சோறு தண்ணீர். இப்போது வழி சொல்லிக்கொடுத்தால் ஒயர் நிலைத்துவிடும்.

"வழி இல்ல மாமா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நிஜமாவாடா?"

"ஆமாக்கா. இறக்கினா நடுப்பாட்டுல இருட்டாயிடும்."

அவள் தண்ணீர் குடித்தாள். "சரி, இருக்கிற கட்டையிலேயே பாடறேன்" என்றாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். பெருங்களத்தூரில் பண்டிகைக் கூட்டத்தில் வண்டி முக்கால் மணி நேரம் நின்று, வியர்வையோடு போய் இறங்கினோம். மைதானத்தில் மேடை, நாற்காலிகள், சுண்டல், ஓடிப் பிடிக்கும் பிள்ளைகள். மேடையின் இடப்பக்கம் கீபோர்டு, அதை ஒட்டி என் போர்டு, நடுவில் அந்த ஒயர். அக்கா மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தாள். கழுத்துத் தழும்பை மறைக்க அட்டிகையை ஏற்றிப் போட்டிருந்தாள். சங்கச் செயலாளர் மைக்கில் கம்ப்யூட்டர் விளக்கைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். மைதானத்து டியூப்லைட்டுகளை அணைத்தார்கள்.

பல்லவி ஒழுங்காகப் போனது. மஞ்சள் வெளிச்சத்தில் அவள் நன்றாக இருந்தாள். இரண்டாம் முறை பல்லவி மேலே ஏறிய இடத்தில் குரல் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, எங்கேயாவது பார்த்தால் இப்போதும் சண்டைக்குப் போவேன். சரணம் பல்லவியைவிட உயரம். இடையிசை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மாமாவின் இடது கை பொத்தானுக்குப் போவதைப் பார்த்தேன். இரண்டு தடவை அழுத்தினார். இசை ஒரு கட்டை இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த நீலம் போய் வெட்டி வெட்டி மின்னியது, சாமி பாட்டுக்கு. பிறகு சரணம் தொடங்கும் இடத்தில், மஞ்சள் வர வேண்டிய நொடியில், மேடை முழுக்க இருட்டு.

ஒயரைப் பிடுங்கினால் போதும், குமிழ்கள் என் கைக்கு வந்துவிடும். என் கை ஒயரின் மேல்தான் இருந்தது. நான் பிடுங்கவில்லை. மைதானத்தில் எல்லோரும் இந்த இருட்டை நன்றாகப் பார்க்கட்டும் என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. விசில் வந்தது. நாலு, ஐந்து. யாரோ "கம்ப்யூட்டர் அவுட்டு" என்று கத்த, நாற்காலிகள் சிரித்தன. அந்த இருட்டில் அக்கா சரணத்தின் முதல் வரியைப் பாடினாள். தணிந்த சுருதியில், கீறல் இல்லாமல், முழுசாகப் பாடினாள். சிரிப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டாள். எட்டு வரை எண்ணிவிட்டு ஒயரைப் பிடுங்கி, மஞ்சளை ஏற்றினேன்.

வெளிச்சம் வந்தபோது அவள் மைக்கை இறக்கியிருந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி நிகழ்ச்சியை, இரண்டாம் பாடகியாக வந்திருந்த பல்லாவரத்துப் பெண் பாடினாள். நான் கையால் விளக்கு போட்டேன். அன்றுபோல் என் வாழ்நாளில் போட்டதில்லை. முடிந்ததும் செயலாளர் வந்து, "தம்பி இல்லன்னா மானம் போயிருக்கும்" என்று என் கையைக் குலுக்கினார். மாமா ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டார். அதன்பிறகு அது வெளியே வரவில்லை. என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது. வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா அடுத்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பகலில் தான் போகும் டைப்பிங் சென்டரில் வேலை அதிகம் என்றாள். நான் எல்லோரிடமும் மாமாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி குரலைவிட மெஷின் பெரிதாகப் போய்விட்டது அந்த ஆளுக்கு என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சொன்னேன். அவள் காது படவும் சொன்னேன்.

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடி அறையை ஒழித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். கையில் என் போர்டின் கையேடு இருந்தது. அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அவள் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அடிக்கோடு மட்டும்தான் போட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஓரத்தில் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன். 'ஒரு கட்டை இறக்கினால் இங்கே இரண்டு குறைக்கணும்.'

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"எப்ப எழுதின?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. "ஒயர் மாட்டின வாரமே" என்றேன்.

ரயில் ஒன்று போனது. வழக்கம்போல இருவரும் அது போகட்டும் என்று நின்றோம்.

"அவருக்கு வழி தெரியாது. லைட்டு நாசமாப் போனாலும் போகட்டும்னுதான் அந்தப் பொத்தானை அமுக்கினாரு, நான் பாடி முடிக்கணும்னு" என்றாள். "உனக்குத் தெரியும்."

குக்கர் விசில் அடித்தது. கையேட்டை என் கையில் வைத்துவிட்டு, அடுப்பை அணைக்கக் கீழே போனாள்.